கடைசி ஆளின் முதுகு

அத்தியாயம் 5

சனிக்கிழமை மதியம் ஊர் மன்றத்துக் கூடத்தில் இருந்தவர்கள்:

டிரைவரம்மா. நடைக் குழுவின் தலைவி. ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவர். இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே சாலை இருப்பது போலத்தான் பார்ப்பார்.

டெய்லர். போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆளாக நடந்தவர். முழங்கால் சரியில்லை. மூஞ்சியும் சரியில்லை.

பேக்கரி அக்கா. குழுவுக்குப் புதுசு. ஒரு சுற்று அழுது முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடைக்காரர். வலது காலில் மாவுக்கட்டு. டிரைவரம்மாவைக் குற்றம் சொல்லி அவர் கொடுத்த புகார் மேஜை மேல்.

ஜிம் மாஸ்டர். நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் நின்றார். உட்காருவது உடம்புக்குக் கேடு என்பது அவர் கொள்கை.

மன்றச் செயலாளர். மேஜைக்குப் பின்னால். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாததால் நடுவில்.

குழுவின் மற்றவர்கள், சுவரோரமாக, வாயைத் திறக்காமல்.

அண்ணி. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் பிடித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார்.

பிளாஸ்க். அண்ணியின் கொழுந்தன். உதவியாளன். டீ பிளாஸ்க் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அதனால் அவன் பெயரையே ஊர் மறந்துவிட்டது.

“மறுபடியும் சொல்றேன்” என்றார் செயலாளர். “சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். மன்றத்தோட பேருல நடக்கற குழு இது. ஒருத்தரை நடுவழியில விட்டு, அவர் கல்குவாரியில விழுந்து, கால் ஒடிஞ்சு கிடக்காரு. ஒண்ணு, குழுவை மாஸ்டர் கையில ஒப்படைங்க. இல்லேன்னா கலைச்சிடுவோம். நீங்களா எழுதிக் கொடுத்துட்டா கௌரவமாப் போகும், டிரைவரம்மா.”

“கௌரவமா எங்க போகும்?” என்றார் டிரைவரம்மா.

“அதாவது... உங்க ராஜினாமா...”

“எழுதித் தர மாட்டேன். பஸ்ல ஏறின ஒரு ஆளைக்கூட நான் நடுரோட்டுல இறக்கிவிட்டதில்ல. கூட நடக்க வந்தவரை விட்டுட்டுப் போனேன்னு என் கையாலயே எழுதித் தரணுமா? நீங்க கலைங்க. எழுத மாட்டேன்.”

ஜிம் மாஸ்டர் சிரித்தார். “கோபப்படாதீங்கம்மா. உங்களைக் குத்தம் சொல்லல. உங்க முறையைத்தான் சொல்றேன். எல்லாரும் சேர்ந்து நடக்கணும், மெதுவா வர்றவங்களுக்காக நிக்கணும்... இது நடையா, ஊர்வலமா? நான் நடத்தினா வேகமா நடக்க முடிஞ்சவங்க மட்டும்தான். முடியாதவங்க வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும். விபத்தே வராது.”

டெய்லர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். சுவரோரத்தில் பலர் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

“எனக்கு இந்த முறை புரியல” என்றார் அண்ணி. “யாராவது சொல்லுங்க.”

டிரைவரம்மா சொன்னார். “முன்னாடி நான். பாதை பிரியற இடம் வந்தா, எனக்கு நேர் பின்னாடி வர்றவங்களை அங்க நிறுத்திடுவேன். கூட்டம் அவங்களைத் தாண்டிப் போகும். எந்தப் பக்கம் திரும்பணும்னு அவங்க கையைக் காட்டுவாங்க. எல்லாருக்கும் பின்னாடி கடைசி ஆள் வருவாரு. ஆரஞ்சுக் கோட்டு போட்டிருப்பாரு, ரோடு வேலை பாக்கறவங்க போடற மாதிரி, கையில்லாதது. அந்தக் கோட்டு தெரிஞ்சு, அவர் கையைத் தூக்கினா, நிக்கறவங்க கிளம்பிடலாம்.”

“பிரியற இடத்துல ஆளே நிக்கலேன்னா?”

“நேராப் போகணும். ஆள் இல்லாத இடத்துல திரும்பக் கூடாது. அதான் எங்க சட்டம்.”

“சரி. போன ஞாயித்துக்கிழமை?”

மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அண்ணி கையைத் தூக்கியதும் ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

மரமில் பக்கத்துப் பிரிவில் பேக்கரி அக்காவை நிறுத்தினார் டிரைவரம்மா. இடது பக்கம் திரும்பினால் மலையைச் சுற்றி மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் போகலாம். நேராகப் போனால் பழைய கல்குவாரி. கூட்டம் இடது பக்கம் திரும்பிப் போயிற்று. டெய்லரும் மருந்துக்கடைக்காரரும் மட்டும் ரொம்பப் பின்னால். மருந்துக்கடைக்காரருக்குச் செருப்புக் கடித்துவிட்டது.

“நான் நின்னேங்க” என்றார் பேக்கரி அக்கா. “ஆரஞ்சுக் கோட்டு தெரிஞ்சுது. கையைத் தூக்கிக் காட்டினாரு. அப்புறம்தான் கிளம்பினேன்.”

“பொய்” என்றார் டெய்லர். “நாங்க வந்தப்ப அங்க ஈ காக்கா இல்ல. ஆள் இல்லேன்னா நேரா. நேராப் போனோம். ஓரம் சரிஞ்சு இவர் உள்ள போயிட்டாரு.”

“அவர் சொல்றதுதான் நிஜம்” என்றார் மருந்துக்கடைக்காரர். “நானும் கூடத்தான் இருந்தேன். ஒருத்தரும் நிக்கல.”

“நான் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?” அக்காவின் இரண்டாவது சுற்று ஆரம்பித்தது.

ஜிம் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “அந்தம்மா பொய் சொல்லல. நான்தான் வழக்கம்போல எல்லாருக்கும் முன்னாடி போயிட்டேனே. மேல தொட்டிகிட்ட நின்னா கீழ அந்தப் பிரிவு நல்லாத் தெரியும். டெய்லர் வந்தாரு, கையைத் தூக்கினாரு, நான் பாத்தேன். அப்புறம் தூக்கக் கலக்கத்துல வழி மாறியிருப்பாரு. வயசாகுதில்ல?”

“யாருக்குய்யா வயசு?” டெய்லர் எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் மறுபடி உட்கார்ந்தார்.

“டெய்லர் சார்” என்றார் அண்ணி. “அந்தக் கோட்டு எங்க?”

“கடையில.”

“வாங்க, பாக்கலாம். அக்கா, நீங்களும் கூட வாங்க.”

*

தையல் கடை தெருக்கோடியில். அண்ணி உள்ளே போனார். பிளாஸ்க் எதிர்க் கடையில் டீ நிரப்பிக்கொண்டு வருவதற்குள் வெளியே வந்துவிட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. அண்ணி முகத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க பிளாஸ்குக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“என்ன பாத்தீங்க அண்ணி?”

“தையல்.”

“டெய்லர் கடையில தையலா? பெரிய துப்புதான்.”

“அந்தக் கோட்டை அஞ்சு மணிக்குக் கூடத்துக்கு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். நட.”

“எவ்வளவு தூரம்?”

“நடந்து பாரு, தெரியும்.”

“இந்தக் குழுவுல வேகமா நடக்கறவங்க, மெதுவா நடக்கறவங்கன்னு ரெண்டு கட்சி இருக்கு. நடக்காதவங்களுக்கு ஒரு கட்சி இருந்தா நான் இன்னைக்கே சேர்ந்திடுவேன்.”

பேக்கரி அக்கா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் நடையைக் கொஞ்சம் குறைத்தார்.

வாய்க்காலைத் தாண்டி, செம்மண் பாதையில் திரும்பினால் மரமில்லின் நீளமான தகரச் சுவர். சுவர் முடிகிற இடத்தில் பாதை பிரிந்தது. பெயர்ப்பலகை இல்லை, அம்புக்குறி இல்லை. அங்கே ஒரு மனிதர் நின்று கைகாட்டினால்தான் உண்டு.

“இங்கதான் நின்னேன்” என்றார் அக்கா.

“தம்பி, நீ வந்த வழியே திரும்பிப் போ. அன்னைக்குக் கோட்டு தெரிஞ்ச இடம் வரைக்கும். அக்கா சொன்னதும் நில்லு.”

பிளாஸ்க் போனான். போய்க்கொண்டே இருந்தான். தகரச் சுவரின் மறுமுனை வரைக்கும் போன பிறகுதான் அக்காவின் “போதும்!” காற்றில் வந்தது. திரும்பிப் பார்த்தான். அங்கிருந்து அக்கா ஒரு கட்டைவிரல் உயரம். முகம் இருக்கிறது என்று நம்பலாம்; யார் முகம் என்று சொல்ல முடியாது.

கையைத் தூக்கினான். ஓடி வந்து சேர்ந்தபோது மூச்சு அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

“இவன் முகம் தெரிஞ்சுதா அக்கா?”

“இல்ல. சட்டை நிறம் தெரிஞ்சுது.”

“அன்னைக்கும் அப்படித்தானே? முகம் பாக்கல. கோட்டைத்தான் பாத்தீங்க.”

“கோட்டைப் பாத்தாப் போதும்னுதானே சொல்லிக் கொடுத்தாங்க?” என்றார் அக்கா. “அவர் ரொம்ப நேரம் இந்தப் பக்கம் பாக்கவும் இல்ல. கையைத் தூக்கினாரு. உடனே திரும்பி, பின்னாடி யாரையோ கூப்பிடற மாதிரி நின்னாரு.”

“திரும்பினாரா?” அண்ணி மெதுவாகக் கேட்டார். “அப்ப முதுகு தெரிஞ்சிருக்குமே.”

“தெரிஞ்சுது. நடுவுல பெரிசா வட்டமா ஏதோ போட்டிருந்தது. கறுப்பா.”

“அதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யாரும் கேக்கல. எல்லாரும் நான் பொய் சொல்றேன்னு சொல்றதுலயே குறியா இருந்தாங்க.”

“நீங்க அந்தக் கோட்டை எப்பவாவது போட்டிருக்கீங்களா?”

“இல்ல. என் முறை இன்னும் வரல.”

அண்ணி பிளாஸ்க் பக்கம் திரும்பினார். “இந்தக் குழுவுல கடைசி ஆளோட முதுகை யாரு பாப்பாங்க?”

பிளாஸ்க் யோசித்தான். “கடைசி ஆளுக்குப் பின்னாடி வர்றவங்க.”

“கடைசி ஆளுக்குப் பின்னாடி யாரு வருவாங்க?”

“யாரும்...” அவன் நிறுத்தினான். “யாரும் வர மாட்டாங்க. அதுக்குப் பேருதான் கடைசி ஆள்.”

“அப்ப அந்தக் கோட்டோட முதுகுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“போட்டவங்களுக்கு. போடறதுக்கு முன்னாடி கையில எடுத்துப் பாக்கணுமே.”

“நான் கடையில பாத்துட்டேன். வட்டமும் இல்ல, கிட்டமும் இல்ல. அக்கா, நீங்க பொய் சொல்லல. டெய்லரும் பொய் சொல்லல. உங்களைப் பாத்துக் கையைத் தூக்கினது டெய்லரே இல்ல. இன்னொரு கோட்டு, இன்னொரு ஆள்.”

பேக்கரி அக்கா அப்படியே பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது சுற்று. ஆனால் இது வேறு மாதிரி அழுகை. பிளாஸ்க் வாயை மூடிக்கொண்டு ஒரு கப் டீ ஊற்றிக் கொடுத்தான்.

*

அக்காவைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு அண்ணியும் பிளாஸ்கும் போனபோது, மரமில் வாசலில் காவலாளி நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, கால்களைக் கதவின் மேல் வைத்திருந்தார்.

“ஆரஞ்சுக் கோட்டா?” என்றார். “எங்க மில்லுல பச்சை. அதையும் நான் போடறதில்ல. கிளி மாதிரி இருக்கு.”

“போன ஞாயித்துக்கிழமை காலையில ஆரஞ்சுல யாரையாவது பாத்தீங்களா?”

“பாத்தேன். உங்க நடைக்காரங்கள்ல ஒருத்தர். இந்தச் சுவருக்குப் பின்னாடி குழாய்ப் படி இருக்கு பாருங்க, அதுல ஏறிப் போனாரு. முதுகுல வட்டமா முத்திரை குத்தியிருந்தது. வால்ல நெருப்பு வச்ச மாதிரி, ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறினாரு. இவ்வளவு அவசரமா ஏறி மேல என்னத்தைப் பிடிக்கப் போறாருன்னு நெனச்சேன்.”

“முகம்?”

“ஓடறவன் முகத்தை யாரும்மா பாக்கறா? முதுகுதான் தெரியும்.”

“இன்னைக்கு முழுக்க முதுகாவே கிடைக்குது” என்றான் பிளாஸ்க்.

சுவருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற பெரிய குழாய், மலையில் செங்குத்தாக ஏறியது. அதை ஒட்டி, குழாய் பழுது பார்ப்பவர்களுக்காகச் செதுக்கிய படிகள். நடைபாதை மலையைச் சுற்றி வளைந்து நிதானமாகப் போகும். இந்தப் படி நேராக உச்சிக்குப் போகும்.

பிளாஸ்க் அண்ணாந்து பார்த்தான். “அண்ணி, வீட்டுல அண்ணன் என்னை உங்ககிட்ட வேலைக்குச் சேர்த்தப்ப என்ன சொன்னாரு?”

“இவனால ஒரு உபயோகமும் இல்ல, நீதான் பாத்துக்கணும்னாரு.”

“நல்லாப் பாத்துக்கறீங்க.”

ஏறினார்கள். அண்ணி நிற்காமல் ஏறினார். பிளாஸ்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையைத் திட்டிக்கொண்டு ஏறினான். பாதி வழியில் குழாயின் வால்வை மூடிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் சாய்ந்தான். மூடி பொருந்தி உட்காராமல் ஆடியது. ஓரத்தில், நாக்கு நீட்டுவது போல, ஆரஞ்சுத் துணி.

“அண்ணி! நான் ஓய்வெடுத்ததால கண்டுபிடிச்சேன். இதை நீங்க குறிச்சு வச்சுக்கணும்.”

வெளியே இழுத்தார்கள். கையில்லாத ஆரஞ்சுக் கோட்டு. முதுகில் கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் ஓடுகிற மனிதனின் படம். போன வருஷம் ஊரில் நடந்த ஓட்டப் பந்தயத்தின் முத்திரை.

பிளாஸ்கின் உற்சாகம் வடிந்தது. “இது எங்க வீட்டுலயும் இருக்கு. அன்னைக்கு ஓடினவங்களுக்குத் தண்ணி ஊத்தின எல்லாருக்கும் கொடுத்தாங்க. நான் அதுல பைக் துடைக்கறேன். செயலாளர் வீட்டுல நாய்க்குப் படுக்கை. பாதி ஊர்கிட்ட இருக்கும்.”

“பந்தயத்தை நடத்தினது யாரு?”

“ஜிம் மாஸ்டர். ஆனா அதை வச்சு அவர்தான்னு சொல்ல முடியாதே. அதோட அவர் முன்னாடி போனவரு. மேல எல்லாருக்கும் முதல்ல நின்னவரு. முன்னாடி போனவர் எப்படிப் பின்னாடி வர முடியும்?”

அண்ணி படியைப் பார்த்தார். மேலே உச்சி, கீழே மரமில்.

“முன்னாடி போறவரை யாரும் தேட மாட்டாங்க, தம்பி. போயிட்டாருன்னு விட்டுடுவாங்க.”

பிளாஸ்குக்குச் சட்டென்று புரிந்தது. சுற்றுப் பாதையில் ஏறியவர், படியில் இறங்கி, கோட்டைப் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் வந்து நிற்கலாம். கையைத் தூக்கிவிட்டு அதே படியில் ஏறினால், டிரைவரம்மா வளைந்து வளைந்து வந்து சேர்வதற்குள் மேலே நின்று நெட்டி முறிக்கலாம்.

“பிடிச்சுடலாம் அண்ணி! இப்பவே போய்...”

“போய் என்ன சொல்லுவ? படி இருக்கு, கோட்டு இருக்கு, அவருக்குக் கால் பலமா இருக்குன்னா? சிரிச்சுட்டுப் போயிடுவாரு. அஞ்சு மணிக்கு டிரைவரம்மாவை வெளிய அனுப்பிடுவாங்க.” அண்ணி கோட்டை மடித்து அவன் பையில் திணித்தார். “இதை நான் கேக்கற வரைக்கும் வெளிய எடுக்காத.”

“அப்ப அவரை எப்படிப் பிடிக்கறது?”

“பிடிக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேப்போம். மீதியை அவரே செஞ்சுப்பாரு.”

*

ஐந்து மணி. கூடத்தில் யாரும் இடம் மாறவில்லை. வெளியே போன டெய்லரும் பேக்கரி அக்காவும் திரும்பி வந்திருந்தார்கள். டெய்லர் ஆரஞ்சுக் கோட்டைத் தன் நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தார். கோட்டின் பின்பக்கம் கூடத்தைப் பார்த்திருந்தது. நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, பூப்போட்ட துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. சிவப்புப் பூ, பச்சை இலை. ஆரஞ்சின் மேல் அது கண்ணைக் குத்தியது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “என்னம்மா, விசாரிச்சாச்சா?”

“ஆச்சு. இருக்கறதுலயே தெளிவாப் பாத்த ஆளு ஜிம் மாஸ்டர்தான்” என்றார் அண்ணி. “மேல இருந்து பாத்திருக்காரு. அவர் சொல்றதை வச்சு முடிச்சிடலாம்.”

டிரைவரம்மாவின் தலை வெடுக்கென்று திரும்பியது. பிளாஸ்க் தன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“சொல்றேனே” என்றார் மாஸ்டர். கைகளைக் கட்டிக்கொண்டார். “எத்தனை தடவை வேணாலும் சொல்றேன். டெய்லர் பிரிவுகிட்ட வந்தாரு. கையைத் தூக்கினாரு. இந்தம்மா கிளம்பினாங்க.”

“டெய்லர்தான்னு எப்படித் தெரிஞ்சுது? ரொம்ப தூரமாச்சே.”

“கோட்டு.”

“ஆரஞ்சுக் கோட்டு யார் வேணாலும் போடலாமே. ரோடு வேலைக்காரர் யாராவது இருந்தா?”

“இல்லம்மா. டெய்லரேதான்.”

“பேக்கரி அக்கா சொன்னாங்க, அவர் திரும்பி நின்னாருன்னு. அப்ப முதுகு தெரிஞ்சிருக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

ஒரு கணம். மாஸ்டரின் கண் கூடத்தில் ஒரு சுற்று சுற்றி, டெய்லரின் நாற்காலியில் வந்து நின்றது. முகம் மலர்ந்தது.

“தெரியாம என்ன? அந்தப் பூப்போட்ட ஒட்டு! அது ஒரு மைலுக்குத் தெரியுமே. அதை வச்சுத்தான் டெய்லர்னு சொல்றேன். போதுமா?”

சுவரோரத்தில் ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் அவருக்குப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்.

“பூவா?” என்றார் ஒருவர். “நான் போட்டப்ப பூ இல்லையே.”

“நான் போட்டப்பவும் இல்ல” என்றார் இன்னொருவர். “மொழுக்குன்னு இருந்துது.”

மருந்துக்கடைக்காரர் ஊன்றுகோலைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை டிரைவரம்மாவின் பக்கம் திரும்பாதவர், இப்போது கண் இமைக்காமல் மாஸ்டரைப் பார்த்தார்.

“மாஸ்டர். அந்த இடத்துல கோட்டு கிழிஞ்சது எப்பன்னு தெரியுமா?”

மாஸ்டர் கட்டியிருந்த கைகளை இறக்கினார்.

“குவாரிக்குள்ள. நான் விழுந்து கிடந்தப்ப. இந்த மனுஷன் முழங்காலை வச்சுக்கிட்டு முள்ளுக்குள்ள இறங்கி வந்து என்னைத் தோள்ல சாய்ச்சுத் தூக்கினாரு. என் காது பக்கத்துல டர்ருன்னு கிழிஞ்சுது. நான் வலியில கத்தறேன், அவர் ‘கோட்டு போச்சே’ன்னு கத்தறாரு.”

“அடுத்த நாள் கடையில இருந்த திரைத்துணியை வெட்டி ஒட்டுப் போட்டேன்” என்றார் டெய்லர். “ஞாயித்துக்கிழமை காலையில அங்க ஒரு பூவும் இல்ல.”

“அந்தக் கோட்டை ஒரு தடவை போட்டவங்களுக்குக்கூட அது தெரிஞ்சிருக்கும்” என்றார் அண்ணி. “இந்தக் குழுவுல முறை வந்தும் கடைசியா நடக்காத ஆள் ஒருத்தர்தான். கடைசியா நடந்தா அவருக்கு மானம் போயிடும். தம்பி, எடு.”

பிளாஸ்க் பையைத் திறந்து, துணிக்கடைக்காரன் மாதிரி உதறி, இரண்டாவது கோட்டை மேஜை மேல் விரித்தான். கறுப்பு வட்டம் மேலே பார்த்தது.

“குழாய்ப் படி, வால்வுப் பெட்டி” என்றார் அண்ணி. “மரமில் காவலாளி ஏறினவரைப் பாத்திருக்காரு. ரெண்டு ரெண்டு படியா ஏறினாராம். முகத்தை மறைக்கணும்னு முதுகைக் காட்டினீங்க, மாஸ்டர். முதுகை யாரும் பாக்கறதில்லன்னு நெனச்சுட்டீங்க.”

பேக்கரி அக்கா எழுந்து வந்து வட்டத்தின் மேல் விரலை வைத்தார். “இதுதான்” என்றார். இந்த முறை அழவில்லை.

மாஸ்டரின் முகத்தில் ரத்தம் ஏறியது. தலை குனியும் என்று பிளாஸ்க் எதிர்பார்த்தான். குனியவில்லை.

“ஆமா, நான்தான். இப்ப என்ன? நான் யாரையும் தள்ளிவிடல. ஆளில்லேன்னு அங்கயே நின்னு முழிப்பாங்க, லேட்டா வருவாங்க, இந்த முறை எவ்வளவு கேவலம்னு எல்லாரும் பாக்கட்டும்னு நெனச்சேன். நின்னிருக்க வேண்டியதுதானே? யாரு நேராப் போகச் சொன்னது?”

“நான் சொன்னேன்” என்றார் டிரைவரம்மா. இருக்கையிலிருந்து எழுந்தார். “ஆள் இல்லேன்னா நேரா. அது எங்க சட்டம். பின்னாடி நடக்கறவங்க எல்லாருக்கும் அது தெரியும். அன்னைக்கு உனக்குத் தெரியல. தெரியாம அவர் காலை ஒடிச்சுட்ட.”

செயலாளர் நடுவில் புகுந்தார். “சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. மன்றத்தோட பேரு பாருங்க... ரெண்டு பக்கமும் வேண்டாம். கொஞ்ச நாளைக்குக் குழுவை நிறுத்தி வைக்கலாம். எல்லாம் ஆறட்டும்.”

“நாளைக்குக் காலையில நடக்கறோம்” என்றார் டிரைவரம்மா.

“நான் என்ன சொல்றேன்னா...”

“அதே பாதை. அதே பிரிவு. அங்க ஆள் நிப்பாங்க. உங்க மன்றத்தோட பேரு வேணும்னா எடுத்துக்கங்க. நடக்கறதுக்குப் பேரு வேண்டாம்.”

மருந்துக்கடைக்காரர் மேஜையை நோக்கிக் கையை நீட்டினார். ஊன்றுகோல் நழுவிக் கீழே விழுந்தது. “என் புகாரைக் கொடுங்க. பேனாவும்.”

“வாபஸ் வாங்கறீங்களா?” செயலாளரின் முகத்தில் நிம்மதி படர்ந்தது.

“எதுக்கு வாபஸ்? கால் நிஜமாத்தானே ஒடிஞ்சிருக்கு? பேரை மட்டும் மாத்தணும். அப்புறம் இதையும் அந்தக் கோட்டையும் போலீஸ் ஸ்டேஷன்ல கொடுக்கணும்.”

ஜிம் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரோரத்துக் கூட்டத்தைப் பார்த்தார். அங்கே இளவயதுக்காரர்களும் இருந்தார்கள். அவரோடு வேகமாக நடக்க ஆசைப்பட்டவர்கள், அவர் ஜிம்மில் சேர்ந்தவர்கள். உண்மை தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கிடையாது. உண்மை தெரிந்தும் வேகமாக ஓடுகிறவன் பின்னால் போகிற ஆட்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

“கேட்டுக்கங்க” என்றார் மாஸ்டர். “போலீஸை நான் பாத்துக்கறேன். நாளைக்குக் காலையில நானும் நடப்பேன். எவனுக்காகவும் நிக்க மாட்டேன். இந்த நொண்டிக் கூட்டத்தோட உருண்டுக்கிட்டு இருக்கறதா, உடம்பை உருப்படியா வச்சுக்கறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. வர்றவங்க வாங்க.”

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். வேகமாக.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவர் ஜிம்மின் பனியன் போட்ட ஒருவன் எழுந்தான். எழுந்தவன் கூடத்தைக் குறுக்கே கடந்து, மருந்துக்கடைக்காரரிடம் போய், கீழே விழுந்திருந்த ஊன்றுகோலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

வேறு ஒரு நாற்காலியும் அசையவில்லை.

டிரைவரம்மா வாசலுக்குப் போய், ஓட்டம் முடிந்து கடைசிப் பயணியை இறக்கிவிடுகிறவர் மாதிரி, கதவைத் திறந்து பிடித்தார். மாஸ்டர் அவரைப் பார்க்காமல் படி தாண்டினார். இறங்கி இரண்டடி வைத்தவர் நின்றார். திரும்பினார். அவர் கண் டிரைவரம்மாவின் தோளுக்கு மேலே, கூடத்துக்குள் தேடியது.

“திரும்பிப் பாக்காதய்யா” என்றார் டிரைவரம்மா. “பின்னாடி யாரும் வரல.”

கதவை இழுத்துச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினார்.